இருட்டு போதவில்லை

எட்டாம் நாள் முட்டைக்குள் கண்கள் வெள்ளியாகிவிடும்.
அன்றிரவு பொரிக்கும்,
முழு இருட்டு இருந்தால்.

முழு இருட்டுக்கு உட்லண்ட்ஸில் எங்கே போவது?
நடைக்கூடத்து விளக்கு ஏழு மணிக்கு எரிந்தால்
மறுநாள் ஏழு மணிக்குத்தான் அணையும்.
எதிர் பிளாக்கின் மாடிப்படி விளக்குகள்,
அதற்குப் பின்னால் ஜொகூர், அதுவும் தூங்குவதில்லை.
தொட்டியைச் சுற்றிக் கறுப்புக் குப்பைப் பை ஒட்டினேன்,
அதன்மேல் என் பேருந்து நிறுவன மழைச்சட்டை.
அப்படியும் இரண்டு ஈடு பாதி பொரித்து
மீதி ஓட்டிலேயே வெளுத்துப் போயின.

ஓடு என்றால் குளியலறை ஓடு.
வீட்டைப் புதுப்பித்தபோது மிஞ்சிய துண்டு.
அதில்தான் இடுவாள், பெரியவள்.
சின்னவன் வாயால் துடைப்பான், துடுப்பால் விசிறுவான்,
செத்த முட்டையைத் தானே தின்றுவிடுவான்.
எட்டாம் நாள் மாலை ஓட்டை எடுக்கும்போது
என் கட்டைவிரலைக் கடித்தான்.
கடிக்கட்டும்.
அவனுக்குப் பதிலாக நான் வைப்பது
காற்றுக்கல் ஒன்றுதான்.

மூன்றாவது ஈட்டின் எட்டாம் நாள்
மின்தூக்கி வாசலில் நான்கு மொழியில் அறிவிப்பு:
பராமரிப்புப் பணி, பின்னிரவு ஒன்று முதல் நான்கு வரை.
தமிழில் மட்டும் 'மிசாரம்' இராது என்று இருந்ததாம்.
நான் படிக்கவில்லை. பிறகு கோமளா சொன்னாள்.

ஒன்று ஐந்துக்கு எல்லாம் நின்றது.
மின்விசிறி, குளிர்பெட்டி, பம்ப்.
குமிழிச் சத்தம் நின்றபோதுதான்
அது சத்தம் என்றே தெரிந்தது.
நடைக்கூடம் இல்லை. எதிர் பிளாக் இல்லை.
இந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருஷத்தில் முதல்முறை
என் கை எனக்குத் தெரியவில்லை.

குழாயை வாயில் வைத்து ஊதினேன்.
பலமாக ஊதினால் குஞ்சு சிதையும்,
நிறுத்தினால் முட்டை மூச்சடைக்கும்.
இருபது ஊதலுக்கு ஒரு தலைச்சுற்றல்.
கோமளா கைப்பேசி வெளிச்சத்தோடு வந்தாள்.
வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டினேன்.
அணைத்துவிட்டு, இருட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
"துருவன் பிறந்தப்ப இப்படி ஒரு மூச்சு ஊதினீங்களா?"
வாயில் குழாய்.

புழுக்கம் தாங்காமல் மாடி முழுக்கக் கதவைத் திறந்திருந்தது.
திருமதி குவெக் கைவிசிறியோடு எட்டிப் பார்த்தார்,
என் மூச்சு வாங்குவதைக் கேட்டார்,
ஒன்றும் பேசாமல் போய்
கரவோக்கே மைக்கிலிருந்து இரண்டு பாட்டரி
கழற்றிக்கொண்டு வந்தார்.
அலமாரியில் வெறுமனே கிடந்த சின்ன பம்ப் கரகரத்தது.

இரண்டரைக்கு, சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சை அடித்தால்
ஓடு வெறும் ஓடு.
தண்ணீர் முழுக்கக் கண்கள்.
ஒவ்வொரு கண்ணுக்குப் பின்னாலும்
ஒரு துளி கண்ணாடி துடித்தது.
"இதுவா மீன்?" என்றார் திருமதி குவெக்.
"தூசிக்குக் கண் வெச்ச மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு நடந்ததில் பெருமைப்பட ஒன்றுமில்லை.
பச்சைத்தண்ணீர். அதில் நீந்தும் ரோட்டிஃபர்,
அடுப்பு மேடையில் ஆறு பாட்டிலில் வளர்த்தது.
ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை வடிகட்டி ஊற்ற வேண்டும்;
நான் வண்டியில் இருக்கும்போது துருவன்,
அவன் பள்ளியில் இருக்கும்போது யாருமில்லை.
மூன்றாம் நாள் அடியில் சாம்பல்போலக் கிடந்தன.
உறிஞ்சி எடுத்து எண்ணினேன்,
நூற்றுப்பத்தில் நிறுத்திவிட்டேன்.
ஆறாம் நாள் அம்மோனியா.
அன்று இரண்டு நிறுத்தங்களில் நிற்காமல் போய்விட்டதாக
என் மேல் புகார்.

பத்தாம் நாள், பதினெட்டு.
அதில் ஒன்றுக்கு மட்டும் கண்ணுக்குப் பின்னால்
நகக்கீறல் அளவு வெள்ளை.
மறுநாள் ஆறுக்கு.
அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தவை கீழே இறங்கி
ஒன்றையொன்று இடித்துத் தள்ளின.
"சண்டை வந்துருச்சு, பிழைச்சுக்கும்" என்றாள் கோமளா.

பெரியவள் நேற்று மறுபடி இட்டிருக்கிறாள்.
எட்டு எண்ணி நாள்காட்டியில் வட்டம் போட்டேன்.
மின்தூக்கி வாசலுக்கும் போய்ப் பார்த்தேன்.
அறிவிப்பு எதுவும் இல்லை.
பாட்டரி இன்னும் திருப்பித் தரவில்லை.
சுவருக்கு அப்பால் திருமதி குவெக்
மைக் இல்லாமலே பாடிக்கொண்டிருக்கிறார்.